உன் மகள் செய்த ரிசீவர் தேறிவிட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியமாகவே இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சை முறித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது, மற்றபடி கண்ணும் காதும் வாயும் வேலை செய்கின்றன, வாய் கொஞ்சம் அதிகமாகவே செய்கிறது என்பது உன் மகள் கருத்து. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது. போன தடவை உனக்குப் பல் பிடுங்கிய விஷயத்தை நான் உன் சின்னம்மா வாயால் கேட்கும்படி ஆயிற்று, அவள் அதை என்னவோ பரிசு விழுந்த மாதிரிச் சொன்னாள், நான் மறக்கவில்லை. மருமகள் எனக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. நல்ல சட்டைதான், ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு அம்சமாக இருக்கும். திருப்பி அனுப்ப வேண்டாம், வெந்நீர்க் குழாய்க்குச் சுற்றி வைத்திருக்கிறேன், குழாய்க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. உன் மகள், நம் கட்டெறும்பு, செய்த ரிசீவர் தேறிவிட்டது. அவள் பொய் அளவு எழுதவில்லை என்பது எல்லார் முன்னாலும் தெளிவாகிவிட்டது. வேலையும் போகவில்லை, பேரும் போகவில்லை. இதைப் படித்ததும் மூச்சு விட்டுக்கொள், நானும் இப்போதுதான் விட்டுக்கொண்டிருக்கிறேன், இத்தனை நாளாக நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு சரிம்மா சொல்வாய், ஐந்தாவது சரிம்மாவுக்கு வைத்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதப் போகிறேன், உட்கார்ந்து படி, சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே.

நீ மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன், எனக்கோ பள்ளிக்கூடம் வாசல் வரைக்கும்தான், அதனால் அவள் எனக்குப் புரியவைத்தபடியே உனக்கும் சொல்கிறேன். வானத்தில் எங்கெங்கோ இருக்கிற வாயு மேகங்களிலிருந்து மைக்ரோவேவ் அலை வந்துகொண்டே இருக்கிறதாம். நம் வீட்டில் ரொட்டி சூடுபண்ணுகிற பெட்டிக்குள் இருப்பதும் அந்த வகைதான், ஆனால் இது அவ்வளவு தூரம் வந்து சேரும்போது கொசு பெருமூச்சு விட்ட அளவுகூட இருக்காது. அதைப் பிடிக்கிறதுதான் ரிசீவர். ரேடியோ தொலைநோக்கியின் பெரிய தட்டு அலையைக் குவித்துக் கொடுக்கும், இது வாங்கிக் கேட்கும். இதில் சங்கடம் என்னவென்றால் கேட்கிற கருவிக்கே சொந்தமாக ஒரு இரைச்சல் உண்டு, அது கருவியின் சூட்டிலிருந்தே வருவது. கேட்கிறவன் வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் சொல்கிற ரகசியம் அவன் காதில் எப்படி விழும், உங்கப்பாவோடு நான் பட்டபாடே அதுதான். அதனால் கருவியை ஒரு எஃகு டிரம்முக்குள் பூட்டி, உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, நாம் நினைத்தே பார்க்க முடியாத குளிருக்குக் கொண்டுபோகிறார்கள். குளிர்ந்தால் முணுமுணுப்பு அடங்கும். டிரம்முக்கு மேலே அலை உள்ளே போக வட்டமாக ஒரு ஜன்னல், கண்ணாடி இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் தாள். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது, கொசுவின் பெருமூச்சைப் பெரிதாக்கிக் கொடுப்பது, அதுதான் உன் மகள் வரைந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து ஒட்டியது. அதை ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வந்தால் டீ தம்ளரைக்கூட இரண்டு விரலால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பாள்.

சரி, ரிசீவர் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும். அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கறுப்பு ஸ்பாஞ்சு ஒன்று, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். முதலில் அதை அறையின் சூட்டிலேயே ஜன்னலுக்கு மேலே பிடிப்பார்கள், ரிசீவர் ஒரு அளவு காட்டும். பிறகு அதே ஸ்பாஞ்சைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து அந்தக் குளிரோடு பிடிப்பார்கள், இன்னொரு அளவு காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ரிசீவர் அமைதியானது, வித்தியாசம் சுருங்கினால் உள்ளே இரைச்சல் என்று அர்த்தம். செய்தவர் கையாலேயே சோதிக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி, அதற்கென்று ஒருவர் இருக்கிறார். நான் அவருக்கு வைத்த பேர் துடைப்பான். மேஜையைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியையும் துடைத்து வைக்கிற மனுஷர் என்று உன் மகள்தான் சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் மேலே ஒரு தலைமை அம்மாள், முன்னொரு நாள் நான் இவளுக்குக் குடை கொண்டுபோனபோது என்னை வெளி கேட்டிலேயே மழையில் நிற்க வைத்த மகராசி. குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்தேன் என்று நீ சிரித்தாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

துடைப்பான் சோதித்தார். இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இரைச்சல். உன் மகள் நம்பவில்லை, தன் பெட்டியில்தான் கோளாறு என்று டிரம்மைத் திறந்தாள். நினைத்தவுடன் திறக்கிற டிரம் இல்லை அது, குளிர் இறங்கி மெதுவாகச் சூடேறினால்தான் திறக்கலாம், மறுபடி பூட்டினால் மறுபடி நாள்கணக்கில் குளிர வேண்டும். ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. திரும்பப் பூட்டினாள், திரும்பவும் அதே இரைச்சல். வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடியே நிற்பாள், என்னடி தேடறே என்று கேட்டால், தெரியலையே பாட்டி என்பாள். ஒரு வாரம் துடைப்பானுடைய குழந்தைக்கு அம்மை, அவர் லீவு. அவர் இல்லாத நேரத்தில் இவள் தானே சோதித்துப் பார்த்திருக்கிறாள், பார்த்தால் ரிசீவர் தங்கமாக இருக்கிறது. அன்றைக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள், என் முழங்கால் அன்றைக்குத்தான் கோபித்துக்கொண்டது. சந்தோஷத்தில் விதி என்ன, வழக்கம் என்ன என்று யோசிக்காமல் அந்த அளவுகளைத் தலைமை அம்மாளுக்கு அனுப்பிவிட்டாள். துடைப்பான் திரும்பி வந்தார், மறுபடி சோதிக்கச் சொன்னார்கள், சோதித்தார், மறுபடி பழைய இரைச்சல். அவர் சோதிக்கும்போதெல்லாம் கெட்டது, செய்தவளே சோதித்தால் மட்டும் நல்லது. நீயே சொல், கேட்கிறவன் என்ன நினைப்பான். தலைமை அம்மாள் எல்லார் முன்னாலும், ஏம்மா, பரீட்சையும் நீயே எழுதி மார்க்கும் நீயே போட்டுக்கிட்டியா என்று கேட்டுவிட்டாள். ரிசீவரை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. இவள் மேல் விசாரணை என்று பேச்சு. பொய் அளவு எழுதினவள் என்று பேர் விழுந்துவிட்டால் அந்தத் தொழிலில் எந்த ஊரிலும் கதவு திறக்காதாம், அந்த உலகம் அவ்வளவு சின்னதாம், வானம்தான் பெரிதாம்.

அன்றைக்குத்தான் அவள் உனக்குப் போன் போட்டாள். கையெல்லாம் சோப்பு, அதனால் போனைச் சமையல் மேடை மேல் வைத்து ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள், நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. ஏதாவது மாத்தி கீத்தி எழுதியிருந்தா ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடும்மா, வேலையாவது மிஞ்சும் என்றாய். கெட்ட எண்ணத்தில் நீ சொல்லவில்லை, உன் பயம் உன்னைச் சொல்ல வைத்தது, எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சரிப்பா என்று சொல்லிவிட்டு, கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கேட்டதற்கு அவள் அழவில்லை, நீ கேட்டதற்குத்தான் அழுதாள். அதற்குப் பிறகு நீ போன் போட்டபோதெல்லாம் குளிக்கிறாள், தூங்குகிறாள், வெளியே போயிருக்கிறாள் என்று நான் சொன்னது எல்லாம் பொய். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ சின்னப் பையனாக இருந்தபோது கணக்கில் முழு மார்க் வாங்கினாய், பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் எழுதினாய் என்று வாத்தியார் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே ஈரக் கையோடு ஓடி வந்தேன். உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேனா, யோசித்துப் பார். கேள்வியை வாத்தியாரிடம்தான் கேட்டேன், அந்தப் பக்கத்துப் பையன் எத்தனை மார்க் சார் என்று. அவன் ஃபெயில். உன்னை இறக்கிவிட்டார். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே இறக்கிவிட்டார், அதனால் அவர் ஓய்வுபெற்ற விழாவுக்கு அழைப்பு வந்தபோது நான் போகவில்லை. இதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. சரி, சொல்லிக் காட்டத்தான் எழுதுகிறேன், வேறு யார் உனக்குச் சொல்வார்கள்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா. வெளியே போகிற செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து நேரே அந்த ஆய்வுக்கூடத்துக்கே போனேன். தலைமை அம்மாளிடம் கேட்பதற்கு வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு போனேன், நல்ல நல்ல வார்த்தைகள், எதிர் சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார், வாய்விட்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. வரவேற்பு மேஜைப் பெண்ணிடம், உங்க பெரிய அம்மாவைக் கூப்பிடும்மா, என் பேத்தியைத் திருடி மாதிரி பேசினாங்களாமே, அதை என் எதிர்ல பேசச் சொல்லு என்றேன். அந்தப் பெண் பயந்துபோய், பாட்டி, அவங்க எல்லாரும் இப்ப சோதனை அறையில இருக்காங்க, முடிஞ்சதும் சொல்றேன் என்று சொல்லி என்னைத் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே பெரிய கண்ணாடிச் சுவர். அதற்குள்ளேதான் அந்தக் கூத்து. சத்தம் ஒன்றும் வெளியே வராது, ஊமைப் படம் பார்க்கிற மாதிரி.

அது என்ன சோதனை என்றால், உன் மகள் தானே கேட்டு வாங்கியது. நான் பொய் சொல்லலை, அவரும் பொய் சொல்றவர் இல்லை, ரெண்டு பேரையும் எல்லார் முன்னாடியும் செய்யச் சொல்லுங்க என்று தலைமை அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். துடைப்பானுக்காக இவள் எதற்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று, பிறகு இதைக் கேள்விப்பட்டபோதுகூட எனக்குக் கோபம்தான். நான் பார்க்கும்போது அறையில் ஆறேழு பேர். நடுவில் அந்த டிரம், குழாயும் வயருமாக, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற நோயாளி மாதிரி. பக்கத்தில் வெள்ளைத் தொட்டியிலிருந்து புகை வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது, அதுதான் அந்தத் திரவ நைட்ரஜன். துடைப்பான் செய்தார், எல்லாரும் கணினித் திரையைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், நல்ல ஆட்டல் இல்லை. உன் மகள் செய்தாள், திரையைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மறுபடி அவர், மறுபடி இவள். ஒரு ஆள் இவள் கையைப் புரட்டிப் பார்த்தான், வித்தைக்காரன் கையில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் எழுந்து கண்ணாடியைத் தட்டினேன். அந்த வரவேற்புப் பெண் ஓடி வந்து உட்கார வைத்தாள்.

அப்புறம் உன் மகள் துடைப்பானிடம் என்னவோ சொன்னாள். நீங்க செய்யறதை ஒண்ணுவிடாம வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க, நானும் அதையே செய்யறேன் என்றாளாம். அவர் கையுறையை மாட்டினார், ஸ்பாஞ்சை முக்கினார், தூக்கினார், தூக்கித் தொட்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கிறார், நிற்கிறார், அது சொட்டுகிறது, நிற்கிறார். எனக்கு அந்த மனுஷர் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை, தரையை ஈரமாக்காத நல்ல பழக்கம், நம் வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து உன் மகள் அவர் முழங்கையைப் பிடித்தாள். இவள் கேட்க, அவர் சொல்ல, சொல்லி முடித்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பித் தலைமை அம்மாளைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேத்தி ஏதோ பேசக் கூடாததைப் பேசிவிட்டாள், வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நடந்தது இதுதான். போன ரிசீவரைச் சோதித்தபோது துடைப்பான் ஸ்பாஞ்சிலிருந்து நைட்ரஜன் ஜன்னல் மேல் சொட்டி, அந்தப் பிளாஸ்டிக் தாள் வெடித்து, டிரம் முழுக்கக் காற்றுப் புகுந்து பாழாகியிருக்கிறது. அப்போது தலைமை அம்மாள் அவரை எல்லார் முன்னாலும் வறுத்து எடுத்திருக்கிறாள், ஒரு சொட்டு, இனிமே ஒரு சொட்டு என் ஜன்னல் மேல விழுந்தா நீங்க இந்த அறைக்குள்ள வரவேண்டாம் என்று. மனுஷர் அதை மனதில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சோதிக்கிற முதல் ரிசீவர் இதுதான். சொட்டு முழுக்க நிற்கிற வரைக்கும் தொட்டி மேலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம்தான் ஜன்னலுக்குக் கொண்டுபோவார். சொட்டு நின்றது என்றால் என்ன அர்த்தம், ஸ்பாஞ்சில் இருந்த குளிர் போய்விட்டது என்று அர்த்தம். குளிர்ந்த ஸ்பாஞ்சு என்று நினைத்து அவர் காட்டியது பாதி சூடேறிய ஸ்பாஞ்சு. அப்போது இரண்டு அளவுக்கும் வித்தியாசம் சுருங்கத்தானே செய்யும், பழி ரிசீவர் தலையில். உன் மகள் ஜன்னல் மேல் ஒரு தெர்மகோல் தகட்டைப் போட்டுவிட்டு ஸ்பாஞ்சைச் சொட்டச் சொட்ட உடனே கொண்டுவந்து பிடிப்பாள். தெர்மகோல் அந்த அலைக்குக் குறுக்கே நிற்காதாம், அது பாட்டுக்குப் புகுந்து போய்விடுமாம், சொட்டு விழுந்தால் தகட்டில் விழட்டும். எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று இவள் நினைத்தாள், எல்லாரும் காத்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார், ஒருத்தருக்கு ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு அறையில், ஏன் நிக்கறீங்க, உடனே எடுத்துட்டு வாங்களேன் என்று இவள் கேட்க, ஐயோ, ஜன்னல்ல சொட்டினா அம்மா திட்டுவாங்களே என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வளர்ந்த மனுஷர், தலை நரைத்தவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பிறகு அவர் கையாலேயே தெர்மகோலைப் போட்டு, சொட்டச் சொட்டப் பிடிக்கச் சொன்னார்கள். ரிசீவர் தங்கமாக இருந்தது. சம்பந்தமே இல்லாத இன்னொருவரைச் செய்யச் சொன்னார்கள், தங்கம். உன் மகள் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள், என்னைப் பார்த்தாள், நீ எங்க பாட்டி இங்க என்றுகூடக் கேட்கவில்லை, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, அவர் சொட்டு நிக்கறதுக்காகக் காத்திருந்தார் பாட்டி, அவ்வளவுதான் பாட்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை, என் புடவை நனைந்தது என்பது மட்டும் நிச்சயம்.

தலைமை அம்மாளை நான் விடுவதாக இல்லை. அடுக்கி வைத்த வார்த்தைகள் அப்படியே இருந்தன. ஆனால் அந்த அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா, இவளைப் பேசிய அன்றைக்கு யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரையும் அதே அறைக்கு வரவழைத்து, நான் இந்தப் பொண்ணைப் பொய்க்காரின்னு நினைச்சேன், அது தப்பு, அவரை அப்படிப் பயமுறுத்தி வெச்சதும் நான்தான், அதுவும் தப்பு என்று நின்றபடியே சொல்லிவிட்டாள். யாரும் கேட்காமலே. என்னையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, சண்டைக்கு வந்த இடத்தில் எதிராளி சரணடைந்துவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது. மழையில் நிற்க வைத்ததையாவது கேட்கலாம் என்று, அன்னிக்குக் குடை கொண்டுவந்தப்ப என்று ஆரம்பித்தேன், உன் மகள் என் காலை மிதித்தாள். அது பாக்கி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை துடைப்பான் மனைவியோடு வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, நான் வேணும்னு செய்யலைம்மா என்று நாலைந்து தடவை சொன்னார். வேணும்னு செஞ்சிருந்தா உள்ள விட்டிருப்பேனா என்றேன். டீ கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரின் அடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேஜை மேல் வைத்தார், அவர் மனைவி என்னைப் பார்த்து, வீட்டுலயும் இப்படித்தாங்க, மழை பெஞ்சா மேகத்தைக்கூடத் துடைச்சிடுவார் என்றாள். நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். குழந்தைக்கு அம்மைத் தழும்பு ஆறிவிட்டதாம். அவர்கள் போனதும், மன்னிச்சிட்டியா பாட்டி என்று உன் மகள் கேட்டாள். ஒரு டீ அளவுக்கு மன்னிச்சிருக்கேன், ரெண்டாவது டீ கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் என்று சொன்னேன்.

மற்றபடி இங்கே மாடி வீட்டுத் தையல்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறார், படியெல்லாம் அருவி. சின்னம்மா மகளுக்கு வேலை உயர்வாம், பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டு எனக்குக் கடைசியாகச் சொன்னாள், நானும் கடைசியாகத்தான் வாழ்த்துவேன். நீ ராத்திரியில் கார் ஓட்டுகிறாய் என்று மருமகள் சொன்னாள், ஓட்டாதே. காலில் உறை போட்டுக்கொள். தலைவலிக்கு உன் கம்பெனி மாத்திரையையே தின்றுகொண்டிருக்காதே, செய்கிறதெல்லாம் தின்பதற்கு இல்லை.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். ரிசீவரைத் தொலைநோக்கியில் பூட்டுவதற்கு உன் மகளையே அனுப்புகிறார்கள். டிரம் லாரியில் முன்னால் போகிறது, இவள் ரயிலில் பின்னால் போகிறாள். தொலைநோக்கி இருக்கிற மலைக்குப் போக உங்கள் ஊரில்தான் வண்டி மாற வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்து சேரும், அடுத்த வண்டி சாயங்காலம்தான். அவ்வளவு நேரமும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கப் போவதாக என்னிடம் சொன்னாள். அப்பா வீட்டுக்குப் போகலையாடி என்று கேட்டதற்கு, அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் பாட்டி என்றாள். இவள் உனக்குத் தொந்தரவு கொடுக்கத் தயங்குகிற பெண்ணா என்ன, பிறந்த நாளிலிருந்து அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாள். அதனால் நீ ஸ்டேஷனுக்குப் போகிறாய். ஆளை அனுப்பாதே, கம்பெனி வண்டியை அனுப்பாதே, மருமகளை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நிற்காதே. நீயே போய் நில். எனக்கு அப்பவே தெரியும்மா, நீ தப்புப் பண்ணியிருக்க மாட்டேன்னு என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே, நீ சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறோம். அந்த அம்மாளுக்கு அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது, உனக்கு ஒருத்தி முன்னால் சொல்வதுதானே.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தாள். யாருக்கு எழுதறே என்றாள். உங்கப்பனுக்குத்தான் என்றேன். உள்ளே போனாள். கொஞ்சம் கழித்துக் கதவோரம் வந்து நின்று, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஏழாம் நம்பர் பெட்டின்னு எழுதிடு, அந்த ஸ்டேஷன் பெரிசு, அவர் எங்கயாவது நின்னு தேடிக்கிட்டிருப்பார், நான் சொன்னேன்னு எழுதாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் அவள் சொன்னாள் என்று நான் எழுதவில்லை. ஏழாம் நம்பர் பெட்டி.

நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல், தலைக்கு மேல் கவலை ஏறாமல், நல்லபடியாக இருக்க வேண்டும். நான் சண்டை போட்டாலும் உனக்காகத்தான் போடுவேன், உன்னோடு போட்டாலும் உனக்காகத்தான். வெள்ளிக்கிழமை முடிந்ததும் எனக்குப் போன் போடு, அன்றைக்கு மட்டும் நீ எத்தனை சரிம்மா சொன்னாலும் பொறுத்துக்கொள்கிறேன். வண்டி வருவதற்கு முன்பே போய் நில்.

உன் அம்மா